மைனாவின் வாக்குமூலம்

ஒரு மைனாவின் இறகைப் பிடுங்கினார்கள். அது சொன்னதை நம்பி ஒரு நீர்நாயைக் கொன்றார்கள். இரண்டும் தப்பு. அந்தத் தப்புக்கு மேற்கொண்டு ஆறு உயிர் போயிற்று.

நடந்தது இதுதான்.

மலையடிவாரத்தில் ஒரு காடு. அதில் ஐந்து குட்டைகள். கோடை வந்தால் ஓடை வற்றிவிடும். குட்டைகளில் கிடக்கும் தண்ணீர்தான் எல்லோருக்கும். அதனால் முறை வைத்துக் குடித்தார்கள். விடிந்ததும் பன்றிகள். வெயில் ஏறும் முன்னால் முயல்களும் சருகுமான்களும். சாயங்காலம் மான்கள். முறையை வகுத்தவன் காட்டுப்பன்றி வைரவன். அவன்தான் தலைவன். பெரிய உடம்பு, சின்னக் கண், பொறுமை கிடையாது.

அந்த வருஷம் தண்ணீர் குறைந்தது. வைரவன் கருங்குரங்குகளின் முறையை வெட்டினான்.

"மரத்துல இருக்கறவங்களுக்கு இலையில இருக்கிற ஈரம் போதும்," என்றான்.

குரங்குகள் கெஞ்சின. பிறகு கத்தின. பிறகு பேசாமல் மேட்டுப் பக்கம் போய்விட்டன. மலை தாண்டிப் போயிருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். போய்ப் பார்த்தவர் யாருமில்லை.

செம்பி என்று ஒரு கடமான் அங்கே இருந்தாள். இரண்டு பிள்ளைகளின் தாய். மூத்தவனுக்குக் கொம்பு முளைக்கும் வயது. இளையவள் பெயர் மொட்டு. இன்னும் பால் மறக்கவில்லை.

முதலில் ஈச்சங்குட்டையில் இரண்டு முயல்கள் செத்துக் கிடந்தன. வயசாகிச் செத்தவை என்று விட்டுவிட்டார்கள். நான்கு நாள் கழித்து, செம்பியின் மூத்தவன் மண்குட்டையில் தண்ணீர் குடித்தான். நாலு எட்டு நடந்தான். உடம்பு வில்லாக வளைந்தது. விழுந்தான். செம்பி பக்கத்தில்தான் நின்றாள். நக்கினாள். மூக்கால் முட்டினாள். எழுந்திரு என்றாள். அவன் எழுந்திருக்கவில்லை.

தண்ணீர் ஓரத்தில் எட்டிக்கொட்டை ஒதுங்கிக் கிடந்தது. முழுக்கொட்டை இல்லை. நசுக்கிய கொட்டை. கல்லில் வைத்து இடித்தது போல. அதைப் பார்த்த பிறகுதான் காட்டுக்குப் புரிந்தது. யாரோ வேண்டுமென்றே நஞ்சு கலக்கிறார்கள். ஐந்தில் இரண்டு போயிற்று. மூன்று மிச்சம். அடுத்தது எது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை உடும்பு முண்டன் ஒரு மலைமைனாவைக் கவ்விக்கொண்டு வந்து வைரவன் முன்னால் போட்டான். முண்டன் காவல்காரன். அவன் பிடி எப்படிப்பட்டது என்று சொல்லவேண்டியதில்லை. மைனாவின் ஒரு காலை நகத்தால் அழுத்திக்கொண்டு நின்றான்.

"மண்குட்டைக் கரையில உட்கார்ந்திருந்துச்சுங்க. அலகைப் பாருங்க."

அலகில் எட்டிப்பழத்தின் சதை ஒட்டியிருந்தது. மைனா சின்னது. கன்னத்தில் தொங்கும் மஞ்சள் தோல் நடுங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் அதற்கு மஞ்சக்காது என்று பெயர்.

"ஐயா, நானே உங்களைத் தேடித்தான் வந்தேன். மேட்டுல ஒண்ணு பார்த்தேன்..."

"கேட்டா மட்டும் பேசு," என்று முண்டன் காலை இறுக்கினான்.

"அலகுல என்னடா?" என்றான் வைரவன்.

"எட்டிப்பழங்க. நாங்க சதையைத் தின்போம். கொட்டையைத் துப்பிடுவோம்."

"துப்பறது தண்ணியிலயா?"

கூட்டம் சிரித்தது. சந்தோஷத்தில் வந்த சிரிப்பில்லை.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. பாறைக்குட்டையில் குடும்பத்தோடு இருந்த கிழட்டு நீர்நாய், சடையன். அவர் முன்னால் வந்தார்.

"வைரவா, அது என்னமோ சொல்ல வருது. காலை விடச் சொல்லு. ஒரு பழத்தைக் குடு. மூச்சு வாங்கிக்கிட்டுச் சொல்லட்டும்."

"விருந்து வைக்கச் சொல்றீங்களா பெரியவரே?" என்றான் முண்டன்.

"உன் பிடியில கிடந்தா நானே என் பேரை மறந்துடுவேன். பறவை எம்மாத்திரம்?"

வைரவனின் சின்னக் கண் இன்னும் சின்னதாயிற்று. "நாளைக்கு இன்னொரு குட்டையில பிள்ளைங்க சாகும். அப்பவும் பழம் குடுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமா? அவசரம் தெரியலையா உனக்கு?"

"அவசரம்கிறதாலதான் சொல்றேன். தப்பாக் கேட்டுட்டுத் திரும்பக் கேக்க நேரம் கிடையாது."

"இந்தப் பறவை மேல உனக்கு ஏன் இவ்வளவு அக்கறை?"

சடையன் பதில் சொல்லவில்லை. அப்படி ஒரு கேள்வி வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவர் பேசாமல் நின்றதை முண்டன் பார்த்துவைத்துக்கொண்டான்.

வைரவன் செம்பி பக்கம் திரும்பினான். "பிள்ளையைப் பறிகொடுத்தவ நீ. நீ சொல்லு தாயி. நீ வேண்டாம்னா விட்டுடறேன்."

எல்லோரும் செம்பியைப் பார்த்தார்கள். மைனாவும் பார்த்தது. செம்பிக்கு அதன் கண் தெரியவில்லை. மூத்தவனின் வளைந்த முதுகு தெரிந்தது. காலடியில் மொட்டு நின்றாள். சாயங்காலம் இவள் எந்தத் தண்ணீரைக் குடிப்பாள்?

"என் பிள்ளை போயிட்டான்," என்றாள். அதற்கு மேல் குரல் உடைந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு மிச்சத்தைச் சொன்னாள். "ஒரு இறகுக்கு நான் அழணுமா?"

அவ்வளவு போதும் முண்டனுக்கு.

மருதமரத்தின் அடியில் ஒரு பொந்து இருந்தது. அங்கே கொண்டுபோனார்கள். முண்டனின் வழி எளிது. ஒரு கேள்வி. பதில் பிடிக்கவில்லையா, ஓர் இறகு. அவனுக்கு ஒரு பழக்கமும் உண்டு. எதைக் கேட்பதானாலும் முதலில் தொண்டையைச் செருமுவான். வயசான தொண்டை.

"ம்க்கும். யாரு உன்னை அனுப்பினது?"

"யாரும் அனுப்பலீங்க. மேட்டுல குரங்குங்க..."

"குரங்கு மலை தாண்டிப் போயி ஒரு மாசம் ஆச்சு. பொய் சொல்றான்," என்றான் வைரவன். குரங்கு என்ற பேச்சே அவனுக்குப் பிடிக்கவில்லை. குரங்கென்றால், முறையை ஏன் வெட்டினாய் என்று அடுத்த கேள்வி தன்னிடம் வரும்.

முண்டன் முதல் இறகைப் பிடுங்கினான்.

உண்மை அந்த முதல் இறகுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அது யாருக்கும் வேண்டியதாக இல்லை.

இரண்டாவது இறகுக்கும் மைனா குரங்கு என்றது. மூன்றாவதற்கும் அதையே சொன்னது. நாலாவதில் அலறியது. ஐந்தாவதில் தன் அம்மாவைக் கூப்பிட்டது. அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. கண் மட்டும் அங்கேயும் இங்கேயும் ஓடியது. செம்பி பொந்தின் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். ஒவ்வொரு இறகு கீழே விழும்போதும் தன் நெஞ்சில் ஏதோ கொஞ்சம் ஆறுவது போல இருந்தது அவளுக்கு. அதை அவள் பிற்பாடு மறக்கப் பார்த்தாள். முடியவில்லை.

பத்து இறகு ஆயிற்று. வைரவன் கால் மாற்றி நின்றான். "சீக்கிரம்."

முண்டன் யோசித்தான். காலையில் பேசாமல் நின்ற சடையன் ஞாபகத்துக்கு வந்தார்.

"ம்க்கும். நீர்நாய் சடையன்தானே?"

பதினோராவது இறகைக் கவ்வினான். இழுக்கும்போதே மைனாவின் அலகு திறந்தது.

"ம்க்கும். நீர்நாய் சடையன்தானே."

முண்டன் இறகைத் துப்பினான்.

"சொல்லிட்டான்," என்றான் முண்டன்.

"திரும்பக் கேளு."

"ம்க்கும். மத்த குட்டையெல்லாம் கெட்டுப்போனா எல்லாரும் பாறைக்குட்டைக்கு வந்து அவன் காலைப் பிடிக்கணும். அதானே திட்டம்?"

"ம்க்கும். அவன் காலைப் பிடிக்கணும். அதானே திட்டம்."

எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொருந்தாமல் எப்படி இருக்கும்? தைத்தவன் முண்டன். செம்பிக்கு மட்டும் அந்தப் பதிலில் ஏதோ ஒன்று இடறியது. என்னவென்று பிடிபடவில்லை. பிடிக்கவும் அவள் முயலவில்லை.

பாறைக்குட்டைக்குப் போனார்கள். சடையன் கரையில் உட்கார்ந்து, ஒரு மீனைப் பேரக்குட்டிக்குக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் எழுந்து வந்தார். அவர் முகத்தில் பயமே இல்லை.

"வா வைரவா. மைனா ஏதாவது சொல்லிச்சா?"

"சொல்லிச்சு."

ஒரே குத்து. வைரவனின் கொம்புப்பல் விலாவில் இறங்கியது. சடையன் தண்ணீர் ஓரத்தில் விழுந்தார். கேள்வி கேட்ட முகத்தோடே செத்தார். மற்ற நீர்நாய்கள் கத்திக்கொண்டு வறண்ட ஓடைக்குள் குதித்து ஓடின. குட்டி மட்டும் ஒரு முறை திரும்பிப் பார்த்தது. வைரவனை இல்லை. பத்தடி தள்ளி நின்ற செம்பியை.

அன்றைக்குக் காடு நிம்மதியாக இருந்தது. செம்பியின் மூத்தவன் செத்த பிறகு எல்லாக் குட்டைகளிலும் போட்டிருந்த காவலை எடுத்துவிட்டார்கள். இனி எதற்குக் காவல்?

மூன்றாம் நாள் காலை. நாணல்குட்டையில் பன்றிகளின் முறை. வைரவனின் குட்டிகள் மூன்று, தாயை முந்திக்கொண்டு ஓடின. ஓடியவை திரும்பவில்லை. சேதி பரவுவதற்குள் அந்தக் கரையில் இரண்டு முயல்களும் ஒரு சருகுமானும் குடித்துவிட்டன. கரையில் நசுக்கிய எட்டிக்கொட்டை கிடந்தது.

வைரவன் தன் குட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தான். மண்ணைக் கிளறினான். ஒரு மரத்தை முட்டினான். கடைசியில் நின்றான்.

"அந்த மைனா இன்னும் எதையோ மறைக்குது."

"இன்னும் நிறைய இறகு இருக்குங்க," என்றான் முண்டன்.

ஒருவராவது, நாம் சடையனைக் கொன்றுவிட்டோமே என்று சொல்லவில்லை. மைனா மறைத்தது என்றால் தப்பு மைனாவுடையது. அது வசதி.

மதியத்துக்கு மேல் முண்டன் செம்பியைப் பொந்துக்கு அனுப்பினான். "நீங்க போய்க் காவலுக்கு இருங்க தாயி. எல்லாரும் இங்க அழுதுகிட்டு இருக்காங்க. குட்டிங்களைப் புதைச்சுட்டு வந்து ஆரம்பிக்கறேன்." மொட்டுவை மான்கூட்டத்தோடு விட்டுவிட்டு செம்பி போனாள்.

பொந்துக்குள் மைனா ஒருக்களித்துக் கிடந்தது. கண் மூடியிருந்தது. இறக்கையில் இறகு இருந்த இடமெல்லாம் ரத்தம் உலர்ந்து கறுப்புப் பொட்டாக இருந்தது. செம்பி வெளியே முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். பார்க்க வேண்டாம் என்றுதான்.

"ம்க்கும். யாரு உன்னை அனுப்பினது?"

செம்பி திடுக்கிட்டுத் திரும்பினாள். முண்டன் அதற்குள் வந்துவிட்டானா? யாருமில்லை. மைனா மட்டும்தான். கண் மூடியபடியே, காய்ச்சலில் பினாத்துவது போல, அலகை அசைத்துக்கொண்டிருந்தது.

"குரங்கு மலை தாண்டிப் போயி ஒரு மாசம் ஆச்சு. பொய் சொல்றான்."

அது வைரவனின் குரல். கரகரப்பு உள்பட.

"ம்க்கும். நீர்நாய் சடையன்தானே?"

முண்டனின் செருமல். முண்டனின் குரல். அன்றைக்கு இடறியது எது என்று இப்போது செம்பிக்குத் தெரிந்தது. மைனாவுக்கு ஏது செருமல்? சடையன் பேரைச் சொன்னவன் முண்டன். பயத்தில் மைனா அதைத் திருப்பிச் சொன்னது. கேட்டவன் வாயிலிருந்து வந்ததையே பதில் என்று வாங்கிக்கொண்டு போய், ஒரு கிழவரைக் குத்திக் கொன்றிருக்கிறார்கள்.

மைனா நிறுத்தவில்லை.

"என் பிள்ளை போயிட்டான்." நடுவில் எச்சில் விழுங்கும் சத்தம். "ஒரு இறகுக்கு நான் அழணுமா?"

அது அவள் குரல். உடைந்த இடத்தில் உடைந்து, அப்படியே இருந்தது. தன் குரலை வெளியிலிருந்து கேட்பது கொடுமை. அந்தக் குரலுக்கு முன்னால் பதினோரு இறகு கிடந்தது.

செம்பி வெளியே போனாள். இருபது அடி தள்ளி ஒரு அத்திமரம். கீழே விழுந்து கிடந்ததில் நல்ல பழம் ஒன்றை வாயில் எடுத்து வந்து மைனாவின் அலகு ஓரத்தில் வைத்தாள். பக்கத்தில் மடங்கிப் படுத்தாள். எதுவும் கேட்கவில்லை.

நிழல் ஒரு முழம் நகர்ந்தது. மைனா கண்ணைத் திறந்தது. அவளைப் பார்த்ததும் உடம்பைச் சுருக்கிக்கொண்டது.

"தின்னு தம்பி. நான் ஒண்ணும் கேக்க வரல."

மைனா பழத்தைக் கொத்தியது. இரண்டு வாய். மூன்று வாய். தொண்டை நனைந்தது.

"அன்னிக்கு அப்படிச் சொன்னது நான்தான்," என்றாள் செம்பி.

"தெரியும்."

அதுதான் மைனாவின் சொந்தக் குரல். மெல்லிய குரல். முதல் நாளுக்குப் பிறகு இப்போதுதான் அதைக் கேட்கிறாள்.

"நீங்க ஏன் எதுவும் கேக்கல?" என்றது மைனா.

"கேக்க எனக்கு முகமில்ல."

மைனா இன்னொரு வாய் கொத்தியது. பிறகு தானே சொன்னது. "மேட்டுல எட்டிமரம் இருக்கு. அடியில தட்டைக் கல்லு. கருங்குரங்கு நெடுவாலனும் இன்னும் ரெண்டு பேரும் கொட்டையை அதுல வச்சு இடிக்கறாங்க. இலையில மடிச்சுக்கிட்டு, உச்சி வெயில்ல நீங்கள்லாம் நிழல்ல படுத்திருக்கறப்போ இறங்கறாங்க. நான் மரத்து மேல பழம் தின்னுக்கிட்டிருந்தேன். எல்லாத்தையும் கேட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"என்ன கேட்டே?"

"ஈச்சங்குட்டை. மண்குட்டை. நாணல்குட்டை. அப்புறம் ஆலங்குட்டை. பாறைக்குட்டையை விட்டுடணும், நமக்குக் குடிக்க ஒண்ணு வேணும்னு நெடுவாலன் சொன்னான்."

செம்பி எழுந்துவிட்டாள். "ஆலங்குட்டை எப்ப?"

"நாணல்குட்டையில உயிர் போற அன்னிக்கே. எல்லாரும் அங்க அழுதுகிட்டு இருப்பாங்க, ஆலங்குட்டைப் பக்கம் ஈ காக்கா இருக்காதுன்னு பேசிக்கிட்டாங்க."

இன்றைக்கு. உச்சி வெயில் எப்போதோ தாண்டிவிட்டது. வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. சாயங்காலம் மான்களின் முறை. மான்கூட்டம் ஆலங்குட்டைக்குத்தான் போயிருக்கும். மொட்டு அந்தக் கூட்டத்தில்.

செம்பி பாய்ந்தாள்.

"நில்லுங்க. நானும் வரேன்."

"உனக்குத்தான் பறக்க..." என்று சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"உங்க முதுகு இருக்கே," என்றது மைனா.

ஓடினாள். முள் கிழித்தது. கல் தடுக்கியது. மைனா அவள் பிடரிமயிரைக் கவ்விக்கொண்டு தொற்றியிருந்தது. ஆலங்குட்டை மேட்டுக்கு வந்தபோது கீழே தண்ணீர் பளபளத்தது. மான்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. கன்றுகள் முன்னால். எப்போதும் கன்றுகள்தான் முன்னால். அது அவர்கள் வழக்கம். தாகத்தில் நடக்கிற கன்றைக் காக்க வைக்கக் கூடாது என்பார்கள். மொட்டுவின் கழுத்து குனிந்துவிட்டது.

செம்பி கத்தப் பார்த்தாள். மூச்சு இல்லை. காற்றுதான் வந்தது.

அப்போது அவள் முதுகிலிருந்து ஒரு உறுமல் கிளம்பியது. புலியின் உறுமல். மரம் அதிர்ந்தது. செம்பிக்கே தன் முதுகில் புலி ஏறிவிட்டதோ என்று தோன்றியது. கீழே மான்கூட்டம் சிதறியது. நொடியில் கரை காலியாயிற்று. மொட்டு நனையாத மூக்கோடு புதருக்குள் பாய்ந்தாள்.

ஒரு புள்ளிமான் கன்று மட்டும் ஒரு வாய் குடித்திருந்தது. இரண்டு நாள் இழுத்துக்கொண்டு கிடந்து பிழைத்தது. தண்ணீர் ஓரத்தில் நசுக்கிய கொட்டை ஒதுங்கியிருந்தது.

மறுநாள் உச்சி வெயில். குட்டைகளை விட்டுவிட்டு, மேட்டு எட்டிமரத்தைச் சுற்றிப் புதருக்குள் எல்லோரும் பதுங்கினார்கள். மைனா சொன்ன இடம். மைனா சொன்ன கல். ஆலங்குட்டையில் யாரும் சாகாததால், மறுபடியும் கொட்டை இடிக்க மூன்று கருங்குரங்குகள் இறங்கி வந்தன. கொட்டை இடிக்கும் சத்தம் கேட்டது. கையும் களவுமாகப் பிடித்தார்கள்.

முண்டன் நெடுவாலனின் காலை அழுத்திக்கொண்டான். அவனுக்குப் பழைய சுறுசுறுப்பு வந்துவிட்டது.

"ம்க்கும். இன்னும் எத்தனை பேரு?"

நெடுவாலன் பேசவில்லை. முண்டன் ஒரு கொத்து மயிரைக் கவ்வினான். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. யாரும் தடுக்கவில்லை. செம்பியும் தடுக்கவில்லை. இவன் அவள் மூத்தவனைக் கொன்றவன். பிடுங்கட்டும் என்றுதான் அவளுக்கும் இருந்தது. எல்லாம் தெரிந்த பிறகும் அப்படித்தான் இருந்தது.

அவள் முதுகிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ம்க்கும். நீர்நாய் சடையன்தானே."

முண்டனின் குரல். அதே செருமல். ஆனால் பேசியவன் முண்டன் இல்லை. முண்டனின் வாயில் மயிர் இருந்தது.

வைரவனின் தலை தொங்கிப்போயிற்று. முண்டன் வாயைத் திறந்தான். மயிர் கீழே விழுந்தது.

மைனா இப்போது தன் குரலில் பேசியது. "எங்கிட்ட கேட்ட மாதிரியே இவங்கிட்டயும் கேளுங்க. உங்களுக்கு யாரைப் பிடிக்கலையோ அவங்க பேரை இவனும் சொல்லுவான். அப்புறம் போய் அவங்களைக் குத்துங்க."

வைரவன் கேட்டான். "பின்னே எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?"

"கண்ணால பாருங்க. கல்லைச் சுத்தி மூணு பேரோட தடம்தான் இருக்கு. மத்த குரங்குங்க மலைக்கு அந்தப் பக்கம் தாகத்தோட கிடக்குது. இதுல அவங்களுக்குப் பங்கில்ல."

நெடுவாலன் தலையைத் தூக்கினான். யாரும் கேட்காமலே பேசினான். "என் குட்டி தண்ணியில்லாம செத்துச்சு. எங்க முறையை வெட்டினது யாரு?"

வைரவன் தலையைத் திருப்பிக்கொண்டான். செம்பி சொன்னாள். "என் பிள்ளையா வெட்டினான்?"

நெடுவாலன் தரையைப் பார்த்தான்.

மூன்று பேரையும் மலைக்கு அப்பால் துரத்தினார்கள். திரும்பி வரக்கூடாது என்று. மற்றக் குரங்குகளுக்குப் பழைய முறையைத் திருப்பிக் கொடுத்தார்கள். வைரவன் தலைமையை விட்டுவிட்டான். யாரும் விடச் சொல்லவில்லை. குடிக்கும் முறை வரும்போது மட்டும் வருவான், குடிப்பான், போவான். முண்டனுக்கு அதற்குப் பிறகு செருமவே பயம். தொண்டையில் சளி கட்டினாலும் விழுங்கிவிடுவான்.

நீர்நாய்கள் வரவில்லை. செம்பி ஓடைக்கு அந்தப் பக்கம் தேடிப் போனாள். சேற்றுக் குழி ஒன்றில் அவை ஒண்டியிருந்தன. நடந்ததைச் சொன்னாள். தப்பு எங்களுடையது, பாறைக்குட்டை உங்களுடையது, வாருங்கள் என்றாள்.

சடையனின் பேரக்குட்டி அவளை ஏறிட்டுப் பார்த்தது. "எங்க தாத்தாவைக் குத்தினப்ப நீங்க எங்க நின்னீங்க?"

"பக்கத்துலதான்."

"அப்ப போங்க."

செம்பி திரும்பி வந்தாள். அந்தக் குட்டி பெரிதாகி என்ன செய்யும் என்று காட்டில் யாருக்கும் தெரியாது. இன்றைக்கும் ஆலங்குட்டையில் கன்றுகள் குடிக்கும் முன்னால் ஒரு தாய் முதலில் குடித்துப் பார்க்கிறாள்.

மைனாவுக்குப் பதினோரு இறகில் ஏழு முளைத்தது. நாலு முளைக்கவில்லை. இடப்பக்கம் சாய்ந்துதான் பறக்கும். செம்பியின் முதுகில் வந்து உட்காரும், அவள் போட்டு வைக்கும் அத்திப்பழத்தைத் தின்னும். மன்னித்ததா என்று அவள் கேட்டதில்லை. அதுவும் சொன்னதில்லை.

வலியைக் கொடுத்துக் கேட்டால் கேட்டவன் குரல்தான் திரும்பி வரும், உண்மை வராது என்று அந்தக் காட்டுக்குக் காட்டியதும், அவ்வளவு பட்ட பிறகும் உண்மையைச் சொல்லி மிச்ச உயிர்களைக் காப்பாற்றியதும் யார் என்றால், அவர்கள் இறகைப் பிடுங்கிப் போட்ட அதே மஞ்சக்காது.